வெக்கைக் கொல்லை

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
4-6-1972

அன்புள்ள துரைக்கண்ணுவுக்கு வேலாயுதம் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் வடிவாம்பாளும் சுகம். மேலே முதல் வரியில் 'துரைக்கண்ணு அவர்களுக்கு' என்று எழுதி அடித்திருப்பது தெரியும். உன்னை 'நீ' என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்ற சந்தேகம்தான். வேறு தாளில் சுத்தமாக எழுதலாம் என்றால், இதுவே நாலாவது தாள். வடிவாம்பாள் தறியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரு கடுதாசிக்கு ஒரு மாசமாங்க? இந்நேரம் நானு ஒரு பொடவையே நெஞ்சி அறுத்திருப்பேன்" என்று சிரித்தாள்.

சித்திரை மாதம் உன் மகன் கோதண்டபாணி எனக்கு எழுதியிருந்தான். என் விலாசத்தை எப்படிக் கண்டுபிடித்தானோ. பேத்தி இந்திராணிக்கு ஆவணியில் கல்யாணம் என்றும், உங்கள் ஊரை ஒட்டிய மாகறல் சிவன் கோயிலில் வைத்து நடத்த வேண்டும் என்பது அவன் தாயாரின் வேண்டுதல் என்றும், எல்லாரும் பத்ராவதியிலிருந்து புறப்பட ஏற்பாடு ஆகும்போது நீ மட்டும் வரவில்லை என்கிறாய் என்றும் எழுதியிருந்தான். காரணம் கேட்டால், "நீங்க போய் முடிச்சிக்கினு வாங்கப்பா, ஆலந்தாங்கல் எல்லைய நான் மிதிக்கிறதா இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாயாம். "நீங்க அப்பாவோட பள்ளிக்கூடத்து சிநேகிதர். நீங்க சொன்னா கேப்பாரு" என்று முடித்திருந்தான்.

அவன் தாயார் பெரியநாயகி காலமான செய்தி அந்தக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் தாமதமாக நான் என்ன சொல்லித் தேற்றுவது? உன் வீட்டு வாசலில் நான் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம், கையைக் கழுவ ஒரு செம்பு, குடிக்க ஒரு செம்பு என்று இரண்டு செம்பு கொண்டுவருவார். மாட்டைத் தொட்ட கையோடு மோர்ச் செம்பைத் தொட விடமாட்டார். இத்தனை வருஷம் கழித்து யோசிக்கிறேன், எங்கள் ஆஸ்பத்திரியில் எவருக்கும் இல்லாத புத்தி அது.

உன் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, வரும் கடிதங்களை இந்திராணிதான் படித்துக் காட்டுகிறாள் என்றும் கோதண்டபாணி எழுதியிருந்தான். ஆகவே இதை இப்போது உரக்கப் படித்துக்கொண்டிருப்பது நீதான், அம்மா இந்திராணி. உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுவில் ஓர் இடத்தில் உனக்குச் சங்கடமாக இருக்கும். அங்கே நிறுத்திவிடாதே. கடைசி வரை படித்துவிடு. நேரில் வந்து சொல்லும் தைரியம் உன் தாத்தாவின் சிநேகிதனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. உன் குரலைத்தான் கடன் கேட்கிறேன்.

துரைக்கண்ணு, என் சைக்கிள் மணி உனக்கு நினைவிருக்கும். நான் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டராகச் சேர்ந்த வருஷம் வாங்கிய சைக்கிள். பின்னால் மருந்துப் பெட்டி, ஹாண்டில் பாரில் ஐஸ் வைத்த பிளாஸ்க். செவிலிமேட்டில் பாலாற்று மணலில் தள்ளிக்கொண்டு கடந்து, மறுகரையில் ஏறி மிதித்து, ஆலந்தாங்கல் ஏரிக்கரை திரும்பும்போது இரண்டு தடவை மணி அடிப்பேன். கழனியில் எங்கே நின்றாலும் நீ அங்கிருந்தே கத்துவாய். "வந்துட்டாருப்பா ஊசி!" மாட்டுக்கு ஊசி போடுகிறவன் என்பதற்குப் பாதி, என் உடம்பு வாகுக்குப் பாதி. பள்ளிக்கூடத்தில் நீ வைத்த பெயர்தான், உத்தியோகம் பிற்பாடு வந்து பொருந்திக்கொண்டது. உன் மயிலைக் காளைகள் இரண்டும் வந்த பிறகு, அவையும் என் மணிக்குக் காதை நிமிர்த்தப் பழகியிருந்தன. "ஒன்ன கண்டா மாட்டுக்கே கிலிடா" என்பாய். அந்த ஜோடி உன்னிடம் இருந்தது மொத்தம் முப்பத்தொன்பது நாள். எண்ணி வைத்திருக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு, உனக்கே தெரியும். ஆபீஸ் பதிவேடு போக, எனக்கென்று இரண்டு நோட்டு. சிவப்பு அட்டை மாட்டுக்கு. நீல அட்டை ஆட்டுக்கு. ஆபீஸிலும் அப்படித்தான் தனித்தனி. அந்த இரண்டு நோட்டும் இப்போது என் முன்னால் இருக்கின்றன.

நீலத்தில் 17-2-49 அன்று எழுதியது: 'ஆலந்தாங்கல், துரைக்கண்ணு கொல்லை. கிடை ஆடு சுமார் இருநூறு. பதினொன்றுக்குக் கண்ணில் நீர், மூக்கில் சளி, வாயில் புண், பேதி. மூன்று சாவு. நோயின் பெயர்: கழிச்சல்.'

சிவப்பில் 26-2-49: 'ஆலந்தாங்கல், துரைக்கண்ணு. மயிலைக் காளை இரண்டு. கடுங்காய்ச்சல், கண்ணில் நீர், மூக்கில் சளி, ஈறில் தவிடு தூவினாற்போல் புண், பேதி. நோயின் பெயர்: வெக்கை.'

இரண்டும் என் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நாள். இரண்டிலும் அதே கண்ணீர், அதே வாய்ப்புண், அதே பேதி. ஆட்டுக்காரர்கள் கழிச்சல் என்றார்கள், மாட்டுக்காரர்கள் வெக்கை என்றார்கள். சொல் இரண்டாக இருந்ததால் நோயும் இரண்டு என்று இருந்துவிட்டேன். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து ஒருநாளாவது பார்த்திருந்தால் ஒரு குழந்தைக்கும் விளங்கியிருக்கும். சென்ற வாரம் இதை வடிவாம்பாளிடம் சொன்னேன். "பாவு ஒரு ரூம்ல, ஊடை ஒரு ரூம்ல வெச்சிக்கினு பொடவையைத் தேடியிருக்கீங்க" என்றாள்.

அம்மா இந்திராணி, நான் சொன்ன இடம் இதுதான்.

அறுப்பு முடிந்து கிடை போடும் மாசம் அது. வடக்கேயிருந்து நடந்து வந்த மந்தையை முறைப்படி ஒவ்வொருவர் நிலத்திலும் எருவுக்காக அடைத்துக்கொண்டிருந்தார்கள். உன் முறை வந்தது. ஆடுகள் சுணங்குவதைப் பார்த்ததும் உனக்கு மனம் ஒப்பவில்லை. என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாய். "டேய் ஊசி, ஆடுங்களுக்குக் கழிச்சலா இருக்குது. எங்க கல்தொட்டியிலதான் தண்ணி குடிக்குதுங்க. மாட்டுக்கு ஒட்டுமாடா? சொல்லு, இப்பவே ஓட்டி அனுப்பிடறேன்" என்றாய். நான் பெட்டியைக்கூட இறக்கவில்லை. "ஆட்டு நோய் மாட்டுக்கு ஒட்டாது, பயப்படாதே" என்றேன். எதற்கும் தயங்குகிற நான், வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் சொன்ன வாக்கியங்கள் மிகவும் சொற்பம். அதில் அது ஒன்று. கிடை உன் கொல்லையில் இன்னும் நான்கு நாள் இருந்தது.

உன் ஜோடிதான் முதலில் படுத்தது. பிறகு கிழக்குத் தெரு, பிறகு ஏரிக்கரைப் பக்கம். எருமை, பசு, கன்று. நூற்று முப்பத்தாறில் அறுபத்தொன்று. உயிரோடு இருந்தவற்றுக்கு ஊசி போட நான்தான் வந்தேன். அந்த மருந்து எப்படித் தயாராகிறது என்று படித்துப் பரீட்சை எழுதியவன் நான். மாட்டு வெக்கையை ஆட்டின் உடம்பில் ஏற்றி, அந்த ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு என்று நூற்றுக்கணக்கான தடவை மாற்றி மாற்றி, அதன் வேகம் தணிந்த பிறகு எடுப்பது. மாட்டின் வைரஸ் ஆட்டின் உடம்பில் குடியிருக்கும் என்பதற்கு அத்தாட்சியைப் பிளாஸ்கில் போட்டுக்கொண்டு, அதை ஹாண்டில் பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வந்துதான், உன்னிடம் ஒட்டாது என்று சொன்னேன்.

சாவடியில் ஊர் கூடிய நாளை நான் எழுதி வைக்கவில்லை. தேவைப்படவில்லை. "புது மாடு வாங்கியாந்தான், ஊரு மாட்டெல்லாம் வாரிக்கினு போச்சி" என்று எல்லோரும் உன்னைத்தான் சொன்னார்கள். மணியக்காரர் என்னைக் கேட்டார். "இன்னா கம்பவுண்டரே, புது மாடு கொண்டாந்த சீக்குதானே?" அந்தச் சமயத்தில் நீலநோட்டு என் பையில்தான் இருந்தது. ஆட்டைப் பற்றிய நினைவு எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஓரத்தில் வந்து நின்றது. அதைக் கூப்பிட எனக்குப் பயமாக இருந்தது. "அப்படியும் இருக்கலாம்" என்றேன்.

'இருக்கலாம்' என்பது என் வாயில் சாதாரணமாக வருகிற சொல். ரசத்தில் உப்புச் சரியா என்று கேட்டாலும் இருக்கலாம் என்பேன். ஊர் அதைச் சர்க்கார் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. உன்னை 'வெக்கைத் துரை' என்றது, உன் நிலத்தை வெக்கைக் கொல்லை என்றது. நீ அப்போது என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். "இவன்தான் ஒட்டாதுன்னு சொன்னான்" என்று ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால், என் வேலையும் போயிருக்கும், அங்கேயே அடியும் விழுந்திருக்கும். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாய். சித்திரை பிறக்குமுன் பத்ராவதிக்கு இரும்பு வேலைக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது 1958-ல். வெக்கை ஒழிப்பு முகாமுக்கு யேசுதாஸ் என்ற சின்ன வயசு டாக்டர் வந்தார். மாட்டோடு ஆட்டுக்கும் ஊசி போட வேண்டும் என்றார். ஏன் என்றேன். நெடுந்தூரம் நடந்து வரும் மந்தைகளில் இந்த நோய் லேசாக இருந்துகொண்டே வரும், வெறும் கழிச்சல் என்று விட்டுவிடுவார்கள், ஒரே தொட்டியில் மூக்கை வைத்த மாடு பத்து நாளில் விழுந்துவிடும், வைரஸ் ஒன்றுதான், தாங்கும் உடம்புதான் வேறு என்று விளக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஆகவில்லையா என்று கேட்டு நாற்காலி போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம். உனக்கு எழுதவில்லை. விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேடாதவனுக்கு எந்த விலாசம்தான் தெரியும்?

கல்யாணத்துக்கு வா என்று கோதண்டபாணி என்னைச் சொல்லச் சொல்கிறான். அதைச் சொல்லும் தகுதி எனக்கு வரவேண்டுமானால், முதலில் ஆலந்தாங்கலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு எழுதுகிறேன். முடிக்க முடியுமா என்று தெரியவில்லை.

கண்ணுக்கு மருந்து விடாமல் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
கா. வேலாயுதம்
(ஓய்வுபெற்ற கம்பவுண்டர்)


உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-7-1972

அன்புள்ள துரைக்கண்ணு,

இந்தத் தடவை அடித்தல் இல்லை.

கோதண்டபாணி கார்டு போட்டிருந்தான். என் கடிதத்தை நீ இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாயாம். இந்திராணி இரண்டு தடவையும் ஓரிடத்திலும் நிறுத்தவில்லையாம். பிறகு நீ எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாயாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் என்னைக் கேட்கிறான். எனக்கும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை இரண்டு நோட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மாகறல் பஸ் ஏறினேன். சைக்கிள் இருக்கிறது, மிதிக்கத்தான் காலில்லை. போகும் வழியெல்லாம் பேசவேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மாகறலில் இறங்கி அரை மைல் நடந்தேன். ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் கட்டைவிரல் தானாக மடங்கிற்று. கையில்தான் மணி இல்லை.

சாவடிக்கு எதிரே இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது. சிட்டிபாபு என்று ஓர் இளவட்டம் நடத்துகிறான். ஊரில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். மணியக்காரர் இல்லை, கிழக்குத் தெருக்காரர்களில் முக்கால்வாசி இல்லை. மெல்ல, வெக்கைக் கொல்லை எந்தப் பக்கம் என்று கேட்டேன், வழி தெரியாதவனைப் போல. கையை நீட்டிக் காட்டினான். ஏன் அந்தப் பெயர் என்றேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதுவா பெரியவரே, ஒரு மரம் மட்டை கெடையாது. நின்னா உச்சி பொளந்துடும், அவ்ளோ வெக்கையா இருக்கும். அதான் வெக்கைக் கொல்லை."

துரைக்கண்ணு, நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே இருந்த இன்னும் நான்கு பேரைக் கேட்டேன். ஒருவரும் வேறு காரணம் சொல்லவில்லை. வெக்கை என்று ஒரு மாட்டு நோய் உண்டு என்பதே அந்தப் பையன்களுக்குத் தெரியாது. பதினான்கு வருஷமாக ஊசி போட்டதில் அந்த ஊர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. இருபத்துமூன்று வருஷமாக நீ மிதிக்கப் பயந்த பெயர், அங்கே வெறும் வெயிலாகிவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. யாருக்கும் நினைவில்லை, நோட்டைப் பிரிக்க வேண்டியதில்லை, 'ஊர் மறந்துவிட்டது, தாராளமாக வா' என்று உனக்கு எழுதினால் போதும் என்று நினைத்துப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டேன். காசைக் கொடுத்துவிட்டு எழுந்தும்விட்டேன்.

அப்போது எதிர் வரிசைத் திண்ணையிலிருந்து ஒரு குரல். "யாரு, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரா? அதே நடை, அதே பயம்."

பொன்னியம்மாள். உனக்கு நினைவிருக்கும், கறவைப் பசுவையும் சினைக் கிடேரியையும் ஒரே நாளில் பறிகொடுத்தவள். உன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியவள். எழுபத்தைந்து வயசிருக்கும், காது மட்டும் மந்தம். உட்காரச் சொன்னாள். கோதண்டபாணி கல்யாணப் பத்திரிகை அனுப்பப்போகிறான் என்ற சேதி அவளுக்கு எட்டியிருந்தது. "அவனும் வர்றானா, அந்த வெக்கைத் துரை? மாட்டைக் கொன்னவன் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு வருவான்?" என்றாள்.

ஊரில் ஒருத்திக்கு நினைவிருந்தால் போதும், ஊருக்கே நினைவிருக்கிறது. உன் பேத்தியின் கல்யாணப் பந்தலில் அந்த ஒரு குரல் எழும்பினால் போதாதா? நான் பையைப் பிரித்தேன்.

மனப்பாடம் செய்த வரிசை மறந்துபோயிற்று. நீலநோட்டின் பக்கத்தையும் சிவப்பு நோட்டின் பக்கத்தையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே வாசித்தேன். காது மந்தம் என்பதால் கத்த வேண்டியிருந்தது. டீக்கடையிலிருந்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். நீ ஆட்டை ஓட்டி அனுப்பிவிடவா என்று கேட்டதையும், நான் ஒட்டாது என்றதையும், சாவடியில் இருக்கலாம் என்றதையும், நீ என் பெயரைச் சொல்லாமல் எழுந்து போனதையும் கத்தித்தான் சொன்னேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

பொன்னியம்மாள் வெகுநேரம் நோட்டையே பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "ஆட்டுல தூங்கிக்கினே வந்து மாட்டுல முழிச்சிக்கிச்சா அது?" என்றாள். எங்கள் பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொன்னதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். ஆமாம் என்றேன். இருக்கலாம் என்று சொல்லவில்லை.

"அப்போ இருவத்திமூணு வருசமா தப்பான ஆளையா நான் வைஞ்சிக்கினு இருந்தேன்?" என்று கேட்டாள். "யோவ் கம்பவுண்டரு, இனிமே ஒன்ன வைஞ்சி தீர்க்கிறதுக்கு எனக்கு ஆயுசு எங்கய்யா இருக்குது? முன்னாடியே வந்து தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். சிட்டிபாபு சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பசுவுக்காகவா, உனக்காகவா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

புறப்படும்போது கூப்பிட்டு, உனக்கு இப்படிச் சொல்லச் சொன்னாள்: "பொண்ணு கல்யாணத்துக்கு வர்ற அன்னிக்கு மொதல்ல என் ஊட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்லு. தூத்தின மண்ணை நான்தான் கூட்டணும். பெரியநாயகி கொடுக்கிற மாதிரியே ரெண்டு செம்பு தண்ணி வெச்சிருப்பேன்னு சொல்லு."

திரும்பும் வழியில் உன் கொல்லைக்குப் போனேன். கிணறு தூர்ந்திருக்கிறது. கல்தொட்டி அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் பசுவும் மறுபக்கம் இரண்டு வெள்ளாடும் மூக்கை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஊசி போட்டவைதானா என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அம்மா இந்திராணி, உன் குரலுக்கு நன்றி. மாகறல் சுவாமி சாட்சியாக நீ நூறு வயசு நிறைவாக வாழ வேண்டும். உன் முகூர்த்தப் புடவை என் வீட்டுத் தறியில் ஏறியாகிவிட்டது. அரக்கில் மயில் கழுத்துக் கரை. வேண்டாம் என்று சொல்ல உன் அப்பாவுக்கு உரிமை கிடையாது என்று வடிவாம்பாள் எழுதச் சொல்கிறாள்.

துரைக்கண்ணு, வருகிறேன் என்று எழுது, அல்லது வரமாட்டேன் என்று எழுது. இரண்டையும் நான் வாங்கிக்கொள்வேன். 'வரலாம்' என்று மட்டும் எழுதிவிடாதே. அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பெங்களூர் வந்து, அரக்கோணத்தில் மாறினால் சாயங்காலம் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் இறங்கலாம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து பிளாட்பாரத்தின் வாசலில் நிற்பேன். உன் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன். பரவாயில்லை. மணிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு தடவை அடிப்பேன்.

என்றும் உன்,
ஊசி